உயரம் கூடினால் ஷாக் இறுக வேண்டுமா?

மஹிந்திரா தாரோ ஜிம்னியோ வாங்கிய கையோடு வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூடவே ஒட்டிக்கொண்டு வருவது ஒரு நம்பிக்கை: உயரம் கூடினால் ஷாக் அப்சார்பரும் இறுக்கமாக வேண்டும், எவ்வளவு தடிமனோ எவ்வளவு விலையோ அவ்வளவு நல்லது. கடைக்காரர் சொல்கிறார், மெக்கானிக் தலையாட்டுகிறார், பக்கத்தில் தனித் தொட்டி தொங்கும் ஷாக்கைப் பார்த்ததும் வாங்குபவரின் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை. தூக்கிய வண்டியில் மாறுவது ஷாக்குக்கு வேண்டிய நீளம். அதன் இறுக்கத்தை முடிவு செய்வது வேறு கணக்கு.

வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை, அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. குழாய் நிறைய எண்ணெய், அதற்குள் போய்வரும் பிஸ்டன், பிஸ்டனின் துளைகளை மூடியபடி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே தடிமனுள்ள எஃகு வில்லைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த வில்லைகளை வளைத்துக்கொண்டு பிதுங்குகிறது. ஆட்டம் வெப்பமாகிக் கரைகிறது. எவ்வளவு அடக்க வேண்டும் என்பது முக்கியமாக ஸ்பிரிங்கின் விறைப்பையும் அது தாங்கும் எடையையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் அளவோடுதான் தேவை ஏறி இறங்கும். உயரத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்துத் தூக்கிய வண்டியில் விறைப்பும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. கம்பெனி கொடுத்த இறுக்கமே போதும். புது ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பானது என்றே வைத்துக்கொள்வோம். தேவை கூடுவது 10 சதவீதத்துக்கும் குறைவு. இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம் என்று எடை ஏறினாலும் இதே வர்க்கமூலம்தான். அப்போதும் முதலில் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கை.

கணக்கைத் தாண்டி இறுக்கினால் என்ன ஆகும்? மேட்டில் ஏறி மடங்கிய சக்கரம் மீண்டும் கீழே இறங்க நேரமில்லாமல் அடுத்த மேட்டில் மோதும். வரிவரியாகக் கிடக்கும் மண் சாலையில் சிறிது தூரத்துக்குள் சஸ்பென்ஷன் படிப்படியாகச் சுருங்கி, ரப்பர் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிடும். தரையைத் தொடாத டயர் பிரேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டியரிங்குக்கும் கட்டுப்படாது. இடுப்பெலும்பு கழலும் இந்த ஓட்டத்தைத்தான் நம்மவர்கள் ‘வண்டி செம ஸ்ட்ராங்’ என்கிறார்கள்.

உயரம் உண்மையில் கேள்வி கேட்பது நீளத்தைப் பற்றி. நேர்க்குத்தாக மாட்டிய பழைய ஷாக், வண்டியை 50 மில்லிமீட்டர் தூக்கினால் நின்ற நிலையிலேயே 50 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்க அதில் மிச்சம் இருப்பது கொஞ்சம். முழுதும் இழுபட்டு ‘டக்’கென்று நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிலின் எடை ஷாக்கின் மவுண்டில் தொங்குகிறது. சரி, நீளமானதை வாங்கிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், பம்ப் ஸ்டாப் தொடுமுன்பே பிஸ்டன் அடிமுட்டி மவுண்டின் வெல்டிங் விட்டுப்போகும். ஆகவே முதலில் வேண்டியது அளவுநாடா. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும் வரை ஜாக்கியால் ஆக்சிலை ஏற்றி, மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடையே அளக்க வேண்டும். பிறகு பிரேக் ஹோஸ் இழுபடாத எல்லை வரை ஆக்சிலை இறக்கி இன்னொரு முறை. மடங்கிய நீளம் முதல் அளவைவிடக் குறைவாகவும், விரிந்த நீளம் இரண்டாவது அளவை ஒட்டியும் இருக்கும் ஷாக்தான் அந்த வண்டிக்கு உரியது. இதைச் செய்யாமல் பிராண்டு பேசுவது, கால் அளவு பார்க்காமல் செருப்புத் தோலின் தரம் பேசுவது.

‘இறுக்கமான ஷாக் போட்டதும் ஆட்டம் நின்றதே’ என்பார்கள். நின்றிருக்கும். ஆனால் கழற்றிப் போட்டது எதை? பெரும்பாலும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்துபோன ஷாக்கை. அந்த இடத்தில் எந்தப் புது ஷாக் வந்தாலும் வித்தியாசம் தெரியும். பெயர் வாங்குவது இறுக்கம். வளைவில் சாய்வதும் இப்படித்தான்: ஷாக் அந்தச் சாய்வைத் தாமதப்படுத்தும், நீண்ட வளைவில் குறைக்காது. அதற்குப் பொறுப்பு ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும். பெரிய டயர் பற்றிய வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. சக்கரம் கனத்தால் அதை அடக்கக் கொஞ்சம் கூடுதல் பிடி வேண்டும். ஆனால் கடையில் டயரின் விட்டத்தைக் கேட்கிறார்களே தவிர எடையைக் கேட்பதில்லை.

தனித் தொட்டிக்கு வருவோம். மெக்சிகோவின் பாஹா 1000 பந்தயத்தில், 1967 முதல், வண்டிகள் மணிக்கணக்கில் பாலைவனத்தில் பறக்கின்றன. எண்ணெய் சூடாகி இளகினால் பிடி போய்விடும். அங்கே கூடுதல் எண்ணெயும், அது நுரைக்காமலிருக்க நைட்ரஜனும், இரண்டுக்கும் தனித் தொட்டியும் தேவைதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்போ பாறைகளுக்கிடையே நடை வேகத்தில் ஊர்கிறது. ஷாக்கின் விசை பிஸ்டனின் வேகத்தைப் பொறுத்தது. ஊரும் வண்டியில் அது சூடாக வழியே இல்லை. அங்கே ஓடும் பழைய ஜீப்புகளின் பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. 600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை போன்ற இடங்களில் வெப்பம் மெய்யான பிரச்சினை. அங்கேயும் டயர் காற்றையும் வேகத்தையும் குறைப்பதே முதல் வைத்தியம். அந்த நாட்டு சஸ்பென்ஷன் பிராண்டான ஓல்ட் மேன் எமு, ஒரே வண்டிக்கு எடைவாரியாக வெவ்வேறு ஸ்பிரிங்குகளை விற்கிறது. வண்டியில் நிரந்தரமாக ஏற்றியிருப்பது எத்தனை கிலோ என்று தெரியாமல் அதன் பட்டியலில் எதையும் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

‘திருகி மாற்றும் ஷாக் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்பது கடைசி வாதம். ராஞ்சோவின் ஆர்எஸ்9000எக்ஸ்எல் ஷாக்கில் ஒன்பது நிலைகள் உண்டு. சுமை ஏற்றும் நாளில் ஒன்று, வெறும் வண்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல வசதி. ஆனால் அந்தக் குமிழ் மாற்றுவது எண்ணெய் போகும் வழியை மட்டும். 50 மில்லிமீட்டர் குட்டையான ஷாக், ஒன்றாம் நிலையிலும் ஒன்பதாம் நிலையிலும் அதே இடத்தில்தான் இடித்து நிற்கும்.