ஊனமுற்ற ஜவானுக்கு இழுத்தடிப்பா?

நம் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். பணியில் உடம்பு கெட்டுத் திரும்பினால் ஊன பென்ஷன் உண்டு என்கிறது சர்க்கார். கைக்கு வந்து சேரத்தான் வருஷக்கணக்காகிறது.

ஊனம் எத்தனை சதவீதம், அது ராணுவப் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா என்று மெடிக்கல் போர்டு எழுதவேண்டும். 'பணியால் அல்ல' என்று ஒரு வரி விழுந்தால் பென்ஷன் நின்றுபோகும். பிறகு அப்பீல், அதற்கு மேல் அப்பீல், கோர்ட்.

சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் தரம்வீர் சிங் 1985இல் சேர்ந்தார். வலிப்பு நோய் என்று 1994இல் வெளியே அனுப்பினார்கள், பென்ஷனை மறுத்தார்கள். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பில்லையென்றால் பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும், இல்லையென்று நிரூபிப்பது சர்க்காரின் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2013இல் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தது, 19 ஆண்டுகள் போயின.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில், ஒரு மாதத்துக்குள் பணம் தராத முதலாளி வட்டி கட்டவேண்டும் என்று 1959இல் திருத்தம் வந்தது. அந்தச் சட்டம் படைவீரரை வெளியே நிறுத்தியது. முதலாளிக்கு விதித்த கெடு சர்க்காருக்கு ஏன் கூடாது?

நாம் கேட்பது சலுகையல்ல. போர்டுக்கும் அப்பீலுக்கும் சட்டத்திலேயே கெடு வேண்டும். தாண்டினால் வட்டியோடு கொடுக்கவேண்டும்.

பட்டாளத்துப் பிள்ளையுள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை: சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைக் காகிதத்தையும் போர்டு அறிக்கையின் நகலையும் பத்திரமாக வையுங்கள். இங்கிலீஷும் இந்தியும் புரியாவிட்டால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்கிறோம்; மனுவும் எழுதித் தருகிறோம்.