படலம் தேறியது, பை தோற்றது

சேமிப்புப் பூச்சியியல் ஆய்வேடுகளில் ஒரு சோதனை ஏறத்தாழச் சடங்காகவே ஆகிவிட்டது. நெகிழிப் படலத்தை வட்டமாக நறுக்கிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டுகிறோம். பட்டினியிட்ட தானியத் துளைப்பான்களை விடுகிறோம். சில நாள்கள் கழித்துத் துளைகளை எண்ணுகிறோம். பாலியெத்திலீன் தோற்றது, பாலியெஸ்டர் வென்றது என்று எழுதி முடிக்கிறோம். இத்தரவரிசை பொய்யன்று. ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு சிறுதானிய உற்பத்தியாளருக்குப் பை பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

இழுத்துக் கட்டிய வழுவழுப்பான பரப்பில் வண்டுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கடையிலுள்ள பையிலோ மடிப்பும் சுருக்கமும் உண்டு. துளைப்பான் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சிவப்பு மாவு வண்டு துளைப்பதைவிட நுழைவதிலேயே வல்லது. தையலூசி விட்ட துளை, சரியாக ஒட்டாத வாய், இவை போதும். அன்று பொரித்த புழுவுக்கு அது அகலத் திறந்த வாசல். கூன்வண்டோ தன் முட்டையைத் தானிய மணிக்குள்ளேயே இட்டு அடைத்துவிடுகிறது. ஆலையிலேயே பையேறிய அந்தப் பூச்சியை எந்தப் படலம் தடுக்கும்?

நம் தரவரிசைக்கு வலுவான மறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயற்றுக்காகத் தொடங்கிய ஆய்விலிருந்து உருவானது மூவடுக்குப் பை: உள்ளே இரண்டு பாலியெத்திலீன் உறைகள், வெளியே நெய்த பாலிப்ரொப்பிலீன் சாக்கு. நம் குடுவையில் தோற்கும் அதே பாலியெத்திலீன்! வாயை இறுகக் கட்டியதும் உள்ளிருக்கும் பூச்சிகளே ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன; தின்பதும் பெருகுவதும் நின்றுபோகின்றன. பழைய மைசூர்ச் சீமை உழவர்கள் ஹகேவு என்னும் நிலத்தடிக் குழியில் கேழ்வரகைக் கொட்டி வாயை அடைத்ததும் இதே நெறிதான். (அக்குழியின் மண்ணுக்கு எவரும் துளைப்புச் சோதனை நடத்தியதில்லை.)

பெங்களூரில் இது வெறும் ஏட்டு விவகாரமன்று. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். சாமையும் தினையும் தீட்டப்பட்டும் மாவாகியும் பைகளில் வருகின்றன. உமி நீங்கிய மணியும் மாவும் பூச்சிக்கு எளிய இரை. சூழல் அக்கறையால் காகிதத்துக்கும் மக்கும் படலத்துக்கும் மாறுவோரை வரவேற்கிறேன். ஆனால் அப்பைகளின் ஒட்டும் மடிப்பும் பூச்சியைத் தாங்குமா என்று அவர்கள் கேட்டால், நம் அட்டவணையில் விடையில்லை. உறையிலிருந்து உணவுக்குள் கசியும் பொருளுக்கு 2018ஆம் ஆண்டின் பொதியல் ஒழுங்குமுறை கிலோவுக்கு 60 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. பூச்சி நுழைவுக்கு அத்தகைய எண் எதுவுமில்லை. நாம் அளந்து கொடுக்காத ஒன்றைச் சட்டம் எங்கிருந்து எடுக்கும்?

முழுப் பையைச் சோதித்தால் மாறிகள் பெருகும், புள்ளியியல் சிக்கலாகும் என்பார்கள். பெருகட்டும், அந்த மாறிகளில்தான் பூச்சி நுழைகிறது. ஒட்டின் அகலம், ஒட்டிய வெப்பநிலை, மடிப்பின் வகை, நிரப்பிய அளவு, நிரப்பும் முன்பே தானியத்திலிருந்த பூச்சி ஆகிய இவ்வைந்தையும் பதிவுசெய்யாத பொதியல் ஆய்வேட்டை நெறியாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். வரும் பருவத்து ஆய்வுத் திட்டங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.