கம்பி போடுமுன் ஈறைப் பாருங்கள்!

பல்லுக்குக் கம்பி போடப் போனால் எக்ஸ்ரே, அச்சு, போட்டோ எல்லாம் எடுக்கிறார்கள். சரி. முன்பற்களைச் சுற்றியுள்ள ஈறு எவ்வளவு தடிமன் என்று பார்த்து எழுதி வைப்பவர்கள் எத்தனை பேர்?

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் நண்பர்களே. அளவுக்கம்பியை ஈறின் விளிம்புக்குள் மெல்ல விட வேண்டும். வெளியே நிழலாகத் தெரிந்தால் மெல்லிய ஈறு, அதாவது 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. தெரியாவிட்டால் தடித்த ஈறு. 2017-ல் சிகாகோவில் கூடிய ஈறு மருத்துவ வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட முறை இது. ஒரு நிமிட வேலை!

கீழ்த்தாடை முன்பற்களில் ஈறும், அடியில் உள்ள எலும்பும் பெரும்பாலும் மெல்லியவை. அந்தப் பற்களை அளவுக்கு மீறி முன்னே தள்ளினால் ஈறு இறங்கலாம், வேர் தெரியலாம், பல் கூசலாம். இறங்கிய ஈறு தானாக ஏறாது. அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். மேல்தாடையில் இம்ப்ளான்ட் வைத்தாலோ, மெல்லிய ஈறு வழியே உலோகம் சாம்பல் நிறமாகத் தெரியும்.

'மெல்லிய ஈறு உள்ள எல்லோருக்கும் இறங்குவதில்லையே' என்பார்கள். உண்மைதான். அழுக்குப் படிவதும் அழுத்தித் தேய்ப்பதும் சேர்ந்தால் ஆபத்து கூடும். அதனால்தான் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிறேன்! பல்லை நேராக்கிவிட்டு ஈறைத் தொலைப்பது என்ன வைத்தியம்?

நாற்காலியில் உட்கார்ந்ததும் கேளுங்கள்: "டாக்டர், என் ஈறு மெல்லியதா, தடித்ததா?"