பேராசை என்ற பழி

பணத்தைப் பறிகொடுத்தவர் செய்தி வந்தால் போதும், ஆயர் ஈத்தாம் சந்தையிலும் லிட்டில் இந்தியா ஒட்டுக்கடையிலும் ஒரே தீர்ப்புதான்: "பேராசை. அதான் மாட்டிக்கிட்டாங்க." ஏமாந்தவர் ஆசிரியராக இருந்தாலும் ஓய்வு பெற்ற தாதியாக இருந்தாலும் தீர்ப்பு மாறுவதில்லை. சொல்பவருக்கு அதில் ஒரு நிம்மதி. நமக்குத்தான் பேராசை இல்லையே, நமக்கு நடக்காது. இந்த நம்பிக்கை தவறு என்பதோடு நிற்கவில்லை, கேடும் செய்கிறது.

இரட்டிப்பு லாபத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் மக்காவ் மோசடி எப்படி நடக்கிறது? போலீஸ் என்றோ நீதிமன்றம் என்றோ சொல்லி ஒருவன் அழைக்கிறான். உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்கிறான். அங்கே வேலை செய்வது பயம். சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்தான் முதலில் நடுங்குகிறார்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் பாசமும் மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனின் குரலில் பினாங்கில் இருக்கும் தகப்பனாருக்கு அழைப்பு வருகிறது என்று வையுங்கள்: "அப்பா, காரை மோதிட்டேன்பா. ஸ்டேஷன்ல இருக்கேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க." மூன்று விநாடி பதிவு இருந்தால் ஒருவர் குரலைப் போலச் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். டிக்டாக்கில் அதைவிட நீளமாகப் பேசாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? அந்தத் தகப்பனார் பணம் அனுப்பினால் அதுவும் பேராசையா?

படித்தவர் ஏமாறமாட்டார் என்பார்கள். 2024 தொடக்கத்தில் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில், அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியர் முதலில் வந்த செய்தியைச் சந்தேகப்படத்தான் செய்தார். காணொலிக் கூட்டத்தில் நிதித் தலைவரும் தெரிந்த முகங்களும் வந்து பேசிய பிறகே நம்பினார். அவரைத் தவிர அங்கிருந்த எல்லாருமே போலி உருவங்கள். 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. அதில் ஒரு காசுகூட அவருக்கு வரப்போவதில்லை; மேலிடம் சொன்ன வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

எஸ்எம்எஸ் ஓடிபியைக் கைவிடுங்கள், ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி மட்டும் என்று 2022-ல் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நல்ல வேலிதான். ஆனால் வேலி தாண்டி வரும் திருடனுக்காகப் போட்டது அது. வீட்டுக்காரரே கதவைத் திறக்கும்படி பேசுகிறவனை அது எப்படித் தடுக்கும்?

பழி பேசுவதால் நேரும் உண்மையான நஷ்டம் நேரம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண் 997. பணம் அடுத்தவர் பெயரில் வாங்கிய கணக்குகளுக்குள் ஒன்று மாற்றி ஒன்றாகத் தாவிக்கொண்டிருக்கும்போதே அழைத்தால்தான் அதை முடக்க வழியுண்டு. "பேராசைக்காரி" என்று சொந்தக்காரர் வாயால் கேட்க நேருமே என்று பயந்து, இரவெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அந்த எண் இருந்து என்ன பயன்?

வங்கிகளுக்கும் இந்தப் பழி வசதியாக இருக்கிறது. நீங்களே அனுப்பினீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கலாம். பிரிட்டன் அதை ஏற்கவில்லை. 2024 அக்டோபர் 7 முதல் அங்கே, ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும், அப்பட்டமான அலட்சியம் இருந்தாலொழிய, 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பணம் போய்ச் சேர்ந்த வங்கி பாதி. மோசடிக்காரனுக்குக் கணக்கு வைத்துக் கொடுத்த வங்கியும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாதியை மலேசிய வங்கிகளும் சுமக்க வேண்டும் என்று பினாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும், இந்தத் தவணையிலேயே.