ஏட்டில் ஏறாத பதினொருவர்

துடுப்பாட்டத்துக்கு ஓர் ஏடு உண்டு. எவன் எத்தனை ஓட்டம் பெற்றான், எவன் ஒன்றும் பெறாது மீண்டான், எவனுடைய பந்தில் எவன் பிடிகொடுத்தான் என்பனவெல்லாம் பந்துக்குப் பந்து அதில் எழுதப்படுகின்றன. ஐம்பது ஆண்டு கழிந்தபின் அவ்வேட்டை விரிப்பவன் அன்றைய ஆட்டத்தை மனக்கண்ணில் மீண்டும் காணலாம். நமது உள்ளூர் உதைபந்தாட்டத்துக்கோ அத்தகைய ஏடு இல்லை. இரண்டுக்கு ஒன்று என்று முடிவை மட்டும் குறித்து வைப்பர். கோல் அடித்தவன் பெயர் சிலவேளை பத்திரிகையில் வரும். பின்களத்தில் நின்று மாலை முழுவதும் எதிரியை மறித்தவன் பெயர் வராது. அவனுடைய ஆட்டம் பார்த்தவர் நெஞ்சில் மட்டுமே வாழ்கின்றது. பார்த்தவர் போனால் அதுவும் போய்விடும். ஆதலால் உதைபந்தாட்ட இரசிகன் கைதட்டிவிட்டு வீடு திரும்புவதோடு அவன் கடமை தீர்ந்துவிடவில்லை என்பது என் கருத்து.

நான் மாணவனாயிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. 1994இல் பிரேசில் உலகக் கிண்ணத்தை வென்றதைச் செய்தியாக அறிந்தோமேயன்றிக் கண்ணாற் கண்டோமல்லோம். எமக்குக் காணக் கிடைத்தவர் உள்ளூர் வீரரே. அவரைக் காண்பதும் எளிதாயிருக்கவில்லை.

அயலூரில் இடப்புற முன்கள வீரர் ஒருவர் இருந்தார். கோணத்திலிருந்து அவர் உதைக்கும் பந்து வளைந்து கோலுக்குள்ளேயே இறங்கும் என்று கண்டவர் சொல்வர். அவரைப் பார்க்கவென்று நான் முதன்முறை போனபோது, வேலியோரம் வண்டியைச் சாத்தவும் வானில் விமான இரைச்சல் கேட்கவும் சரியாயிருந்தது, சனம் கலைந்துவிட்டது. இரண்டாம் முறை மாரி மழை, மைதானம் குளமாயிற்று. அடுத்த மாதம் இறுதியாட்டம் என்று சொன்னார்கள். அந்த மாதந்தான் 1995 ஒக்டோபர். முப்பதாந் திகதி வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சி நோக்கி நடந்தது. கிண்ணம் எங்கே போயிற்றென்று எவர் கேட்டார்?

எட்டு ஆண்டுகளின் பின், 2003இல், ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், முகமாலைச் சோதனைச் சாவடி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரைப் பின்னாலிருந்து ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டேன்.

"அண்ணை, கோணர் அடிக்கிற அவர் நீங்களோ?"

"ஓம் தம்பி. அது முந்தின கதை."

மேலும் கேட்டேன். அடித்த கோல்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஓர் உதையைப் பற்றியே வரிசை நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். காற்று எப்பக்கம் அடித்தது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. படம் ஏதும் உண்டோ என்றேன். இடப்பெயர்வோடு எல்லாம் போய்விட்டதென்றார். பையைச் சோதிக்க அழைத்தார்கள், போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

பந்துக்காப்பாளர் ஒருவரை மீன்சந்தையில் வைத்து அறிந்தேன். முகத்தால் அல்ல, விரலால். இரு கைகளிலும் சுண்டுவிரல்கள் வெளிப்புறம் வளைந்திருந்தன. இருபத்துநான்கு அடி அகலமும் எட்டு அடி உயரமுமான வாயிலைக் காத்தவருக்கு அவ்விரல்களே கிடைத்த பரிசு. அவரும் நம் கல்லூரியிற் படித்தவர். பாரையை வெட்டிக்கொண்டே, தம்மோடு ஆடியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இங்கே நம் விழா மலர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். மருத்துவராயும் பொறியியலாளராயும் உயர்ந்த பழைய மாணவருக்கு முழுப் பக்கப் படம் உண்டு. வேண்டியதுதான். ஆனால் கல்லூரியின் பெயரைத் தம் கால்களில் சுமந்தோடிப் பின் மேசனாகவும் மீன் வியாபாரியாகவும் வாழ்ந்தவர் குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பார். கீழே பெயரும் இராது. கடலோரக் கழகங்கள் இதில் நம்மிலும் மேலானவை. நாவாந்துறை சென்மேரிஸ், குருநகர் பாடும்மீன் கழகங்களின் பழைய வீரர் பெயரை அவ்வூர்ச் சிறுவர் அறிவர். மயிலிட்டி மக்கள் 1990இல் ஊரை விட்டகன்றும் ஞானமுருகன் என்ற பெயரை விடவில்லை.

குறுந்தொகைப் புலவர் ஒருவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர். இயற்பெயர் தெரியாமையால், அவர் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கி வைத்தனர். பாட்டு இருந்தமையால் அதுவாவது கைகூடிற்று. பந்து உதைத்தவனுக்கோ பாட்டும் இல்லை, பெயரும் இல்லை.

இன்றைய மாணவர் நள்ளிரவில் கைத்தொலைபேசியில் மான்செஸ்டரையும் மட்ரிட்டையும் காண்கின்றனர். அதில் எனக்குப் பிணக்கில்லை; நானும் பார்ப்பதுண்டு. ஆனால் அங்கே மாற்றுவீரனாக வருபவனின் பிறந்த ஊரையும் சொல்லும் மாணவன், தன் வகுப்பறைச் சுவருக்கு அப்பால் ஆடும் பதினொருவரில் நால்வரையேனும் அறியாதிருப்பது நன்றன்று. துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. போக வழியும் உண்டு, இருக்க இடமும் உண்டு. வானத்திலிருந்து எவரும் கலைக்கப்போவதில்லை.

ஆகையால் விழாக்குழுவினரிடம் ஒன்று வேண்டுகிறேன். கண்காட்சி மண்டபத்தில் ஒரு மேசையும், கெட்டி மட்டையிட்ட ஒரு பதிவேடும், ஒரு பேனாவும் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு பக்கம் போதும். பதினொரு பெயர், ஆடிய இடம், பார்த்தவர் கண்ட ஒரு காட்சி, இவ்வளவுதான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் கடிதமாக எழுதலாம். பழைய குழுப்படம் வைத்திருப்போர் அதன் பின்புறத்தையும் பாருங்கள். பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.

1994ஆம் ஆண்டுப் பக்கத்தை நான் தொடங்கிவிட்டேன். மீன்சந்தையில் கேட்டதையும் சேர்த்து ஏழு பெயர் உண்டு. வலப்புறப் பின்களத்தில் ஆடிய, காலுறையைக் கணுக்கால்வரை சுருட்டிவிடும் உயரமான மாணவர் எவரென அறிந்தோர், கல்லூரி அலுவலகத்தில் ஒரு துண்டு எழுதிவையுங்கள்.