தீர்ந்ததா, தளர்ந்ததா?

சில திங்களுக்கு முன் முதுமையைப் பற்றிய கட்டுரையொன்றை இவ்விதழுக்காக மொழிபெயர்த்தேன். அதில், "வயது முதிருங்கால் உடலின் குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றன" என்று ஒரு வாக்கியம் அமைந்திருந்தது. அதனைப் படித்த கிராம சுகாதாரப் பணியாளர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார். இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் மூதாட்டி ஒருவரை, மருத்துவர் சொற்படி, அவர் நாள்தோறும் எழுப்பி நடக்கப் பழக்கி வருகிறாராம். "தீர்ந்துபோன உடம்பை ஏன் வருத்துகிறீர்கள் என்று வீட்டார் கேட்கின்றனர். நம் இதழும் அவ்வாறே கூறுகின்றதே. நான் என்ன மறுமொழி சொல்வது?" என்பது அவர் வினா.

பிழை மூலக் கட்டுரையினுடையதன்று, என்னுடையது. ஆங்கிலத்தில் இருந்த சொல் தீர்ந்துபோதல், களைத்துத் தளர்தல் என்னும் இருபொருளும் தாங்கியது. நான் ஆராயாது முதற்பொருளைக் கொண்டேன். ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தால், ஒரு மூதாட்டி மீண்டும் நடப்பதும் நடவாமையும் அதனைப் பொறுத்ததாகிவிடக்கூடும் என்பதை அக்கடிதம் எனக்கு உணர்த்தியது.

செய்தித்தாள்கள் 'ஸ்டெம் செல்' என்று குறிப்பிடுபவையே குருத்தணுக்கள். தம்மைப் போன்ற அணுக்களையும், குறிப்பிட்ட வேலைக்குரிய அணுக்களையும் ஒருங்கே தோற்றுவிக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. இரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள்களே வாழும். எனவே, எலும்பு மஜ்ஜை வினாடிதோறும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உண்டாக்க வேண்டியிருக்கிறது. குடலின் உட்பூச்சு ஒரு வாரத்திற்குள் புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவும் குருத்தணுக்களைக் கொண்டே நடைபெறுகின்றன.

இவை முதுமையில் எண்ணிக்கை குன்றித் தீர்ந்துவிடுகின்றனவா? சுண்டெலிகளின் மஜ்ஜையை ஆராய்ந்தோர் இதற்கு நேர்மாறானதைக் கண்டனர். கிழ எலிகளில் இரத்தக் குருத்தணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்தே காணப்பட்டன. ஆயின், ஒவ்வொன்றின் திறனும் குறைந்திருந்தது. மனிதரைப் பற்றி இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் கருதத்தக்கது. 65 வயதுக்கு உட்பட்டோரிடம் 20,000 முதல் 2,00,000 வரையிலான குருத்தணுக்கள் இரத்த உற்பத்தியை ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. 75 வயதைக் கடந்தோரிடமோ, 12 முதல் 18 வரையிலான அணுவழிகளே அவ்வேலையில் 30 முதல் 60 சதவீதத்தைக் கைப்பற்றிக்கொள்கின்றன. இங்கே நேர்ந்திருப்பது வறட்சியன்று. பலர் செய்த வேலையைச் சிலர் கைப்பற்றியதால் விளைந்த சீர்கேடு.

தலைநரையில் 'தீர்ந்தது' என்னும் சொல் ஓரளவு பொருந்தும். மயிர்க்காலில் நிறந்தரும் குருத்தணுக்கள் அழிந்துபோவதை 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. எனினும், அவற்றுட் பல அழியாமலே ஓரிடத்தில் சிக்கிச் செயலற்றுக் கிடப்பதை நியூயார்க் ஆராய்ச்சியாளர் 2023-இல் சுண்டெலிகளில் கண்டனர்.

தசையின் நிலை நமது வினாவுக்கு மிக அணுக்கமானது. தசைநாரின் விளிம்பில் உறங்கிக் கிடந்து, காயம் பட்டவுடன் விழித்தெழும் குருத்தணுக்களை அலெக்சாண்டர் மௌரோ என்பார் 1961-இல் கண்டறிந்தார். முதுமையில் இவை எழத் தாமதிக்கின்றன. 2005-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கிழ எலியையும் இள எலியையும் இரத்த ஓட்டம் ஒன்றாகும்படி இணைத்தனர். கிழ எலியின் தசை முன்னிலும் நன்றாகச் செப்பமுற்றது. அவ்வேலையைச் செய்தவை இள எலியிலிருந்து வந்த அணுக்களல்ல. கிழ எலியின் சொந்த அணுக்களே. விதை இருந்தது, நிலமே கெட்டிருந்தது என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

1990-இல் பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய முதியோர் சிலர்க்கு எட்டு வாரம் பளுத்தூக்கும் பயிற்சி அளித்தபோது, அவர்தம் கால் வலிமை இருமடங்குக்கும் மேலாயிற்று. இதனைக் குருத்தணுக்களின் செயல் என்று கொள்ளுதல் பொருந்தாது. நரம்பு, உணவு முதலிய பலவும் இதிற் பங்குகொள்கின்றன. ஆயினும், முதிய தசை முயற்சிக்கு மறுமொழி தருகிறது என்பதில் ஐயமில்லை.

இவ்வுண்மையை மிகைப்படுத்துவோரும் உளர். குருத்தணு ஊசியால் இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்து, ஏழைகளின் சேமிப்பையும் கவர்ந்து செல்கின்றனர். எலியிற் கண்டதை மனிதர்க்கு உறுதிமொழியாக விற்பது அறமாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், குறித்த சில நோய்களுக்கு ஏற்கப்பெற்ற இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, முறையான ஆய்வுக்குப் புறம்பாக இவ்வணுக்களை நோயாளிகளுக்குச் செலுத்துவதை ஏற்கவில்லை. "எல்லாம் தீர்ந்தது" என்று கைவிடுவதும், "எல்லாம் மீளும்" என்று ஏமாற்றுவதும் எதிரெதிராகத் தோன்றினும், முதியோர்க்கு இழைக்கும் தீங்கில் இரண்டும் ஒன்றே.

ஆகவே ஆசிரியர்களை நான் வேண்டுவது இது: முதுமையை எண்ணெய் வற்றும் விளக்காக மாணவர்க்குக் காட்டாதீர்கள். விதையும் நிலமும் ஒருங்கே தளரும் வயலாகக் காட்டுங்கள். அத்தகைய வயல் பழைய விளைச்சலைத் தராது. எனினும் உழுதவனை அறவே வெறுங்கையனாக அனுப்பாது.

கடிதம் எழுதிய அன்பர்க்கு: அம்மூதாட்டியின் உடல் தீர்ந்துவிடவில்லை, தளர்ந்திருக்கிறது. மருத்துவர் கூறிய அளவில் நடை தொடரட்டும். வீட்டார் இவ்விதழைச் சான்று காட்டினால், அவ்வாக்கியத்தை எழுதியவனே அதனைத் திருத்திக்கொண்டான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.