எழுதி வைத்தவர் யார்?

நம் சங்கக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "விண்ணியலா? அதெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டது!" என்பார் ஒருவர், உடனே கைதட்டல் கூரையைப் பிளக்கும். வெடித்த விண்மீன்களின் எச்சங்களைப் பற்றிப் படித்துவரும் மாணவன் நான். அந்தக் கைதட்டலில் என் கை சேராது. (எச்சம் என்றதும் சிலர் சிரிக்கிறார்கள், பெயரெச்சமும் வினையெச்சமும் படித்தவர்கள்தாம்.)

1054ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இடப ராசியில் வெடித்த விண்மீன் ஒன்றின் ஒளி புவியை வந்தடைந்தது. பட்டப்பகலிலேயே 23 நாள் தெரிந்தது; இரவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு நின்றது. சோழநாட்டில் ஒருவருமா நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டார்? பார்த்திருப்பர். ஆனால் தோன்றிய நாளையும் இடத்தையும் மறைந்த நாளையும் எழுதி வைத்தவர் சீன அரசவை வானியலார். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் நண்டு நெபுலாவின் வயதை இன்று துணிந்து சொல்கிறோம். 6,500 ஒளியாண்டுத் தொலைவில், நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் அது இன்னும் விரிகிறது. அதன் நடுவே, சூரியனையொத்த பொருண்மையை ஒரு நகரத்தின் அகலத்துக்குள் அடக்கிய நியூட்ரான் விண்மீன், நொடிக்கு 30 முறை சுழல்கிறது! நம்மவர் குறிப்பு எங்கே என்று கேட்டால், எடுத்துக்காட்டுவார் இல்லை.

ஐரோப்பியரைப் புகழவும் இதில் இடமில்லை. காசியோப்பியா எச்சத்தின் ஒளி 1680 வாக்கில் வந்தது. தொலைநோக்கி வைத்திருந்தவர்களே அதை ஐயமறக் குறித்தாரில்லை.

பெருமை பேசப் பொருளா இல்லை? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோதே கணக்கிடத் தொடங்கிய எல்லை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பெருவிண்மீனின் இரும்பு உள்ளகம் ஏறத்தாழ அவ்வெல்லையை எட்டியதும் தன்மேலேயே இடிந்து விழுகிறது, வெடிப்பு பிறக்கிறது. 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட், நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிர்களை அளந்தது. முடிவு 2017இல் வெளியாயிற்று. இவை தாளில் உள்ளவை. எவரும் சரிபார்க்கலாம், மறுக்கலாம். நம் மலரிலோ நிலவைப் பற்றிய கவிதை இதழுக்கு நான்கு. விஞ்ஞானத்துக்கு ஒரு மூலைகூட இல்லை.

ஆசிரியர் குழுவினரே, இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். வேதியியலாரும் தாவரவியலாரும் தாம் அளந்ததைத் தமிழில் எழுதட்டும். சொல் இல்லையே என்று தயங்குவானேன்? சூப்பர்நோவா என்றே எழுதுவோம். பஸ்ஸையும் ரேடியோவையும் ஏற்ற ஊர்மக்கள் இதையும் ஏற்பர். முதல் கட்டுரை, அடுத்த இதழுக்கே, என் பொறுப்பு.